நம் இருவரில் மறந்தது யார்

பிப்ரவரி 9

அக்கா,

நீ ஊர் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. இங்கே நானும் பாப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஜன்னலில் நிற்கிறோம். உன் தொண்டை வலி எப்படி இருக்கிறது? எனக்கு ஊட்டிவிட்டு, என் துணியைத் துவைத்து, கடைசியில் என் காய்ச்சலிலும் கொஞ்சம் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறாய். லேசாகத்தான் என்று சொன்னாய். நம்புகிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கொஞ்ச நாளைக்கு எனக்குப் போன் செய்யாதே. கடிதம் எழுது. காய்ச்சல் விட்டு இத்தனை நாளாகியும் எனக்குப் பேச்சு நடுவில் சொல் தொலைந்துபோகிறது. அன்றைக்கு உன்னிடம் இடுக்கியைக் காணவில்லை என்று சொல்ல வந்தேன். இடுக்கி என்ற சொல்லையும் காணவில்லை. "அதான், சூடா இருந்தா பிடிக்கிறது" என்று திண்டாடினேன். நீ "ம்... சொல்லு" என்று காத்திருந்தாய். நல்ல மனதோடுதான் காத்திருந்தாய். அந்தக் காத்திருப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காகிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. சொல் வரும்வரை பேனா சும்மா நிற்கும். இந்த வரியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று உனக்குத் தெரியவே போவதில்லை.

கப்பலிலிருந்து அவர் கூப்பிட்டாலும் "நல்லா இருக்கோம், லைன் சரியில்ல" என்று வைத்துவிடுகிறேன். லைன் நன்றாகத்தான் இருக்கிறது.

நல்ல சேதி ஒன்று. பாப்பாவுக்குக் கீழ்ப் பல் முளைத்துவிட்டது. ஊட்டும்போது ஸ்பூனில் டிக் என்று சத்தம் கேட்டது, அப்படித்தான் கண்டுபிடித்தேன். அரிசி முனை அளவுதான் இருக்கிறது. அதற்குள் என் தோளில் கடித்துச் சோதனை நடத்துகிறாள்.

அடுத்த வாரம் லீவு முடிகிறது. தொழிற்சாலைக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறேன். குளிப்பாட்டும் நேரத்தில் மட்டும் கொஞ்சம் பயமாக இருக்கிறது. வேறொன்றும் இல்லை.

வெந்நீர் குடி. குரலை அதிகம் ஓட்டாதே.

உன் குட்டி


பிப்ரவரி 17

குட்டி,

இங்கே மூச்சும் பேச்சும் ஒழுங்காக ஓடுகின்றன. தொண்டை வலி போன இடம் தெரியவில்லை. என்னை விசாரித்தது போதும், நீ ஒரு வேளையாவது உட்கார்ந்து சாப்பிடு. நின்றுகொண்டே பாப்பாவின் மிச்சத்தை வழித்துத் தின்பதற்குப் பெயர் சாப்பாடு இல்லை.

போன் வேண்டாம் என்றால் வேண்டாம். எனக்கும் இதுதான் வசதி.

என் டிரைவிங் ஸ்கூல் வழக்கம்போல உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறது. புதிதாக ஒரு வங்கி மேலாளர் அம்மாள் சேர்ந்திருக்கிறார். நேற்று, "மேடம், எது பிரேக், எது ஆக்சிலேட்டர்னு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாமே?" என்றார். "தாராளமா ஒட்டலாம். நீங்க குனிஞ்சு படிச்சு முடிக்கறப்ப நாம எதிர்க்கடைக்குள்ள இருப்போம்" என்றேன். சிரித்தார். சிரிக்கும்போதும் ஆக்சிலேட்டரைத்தான் மிதித்தார்.

மறதிக்கு நான் சொல்லும் வைத்தியம் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு வேலை. அடுப்பில் பால் இருந்தால் அடுப்படியிலேயே நில். காய்ச்சல் அடித்துப் போட்ட உடம்பு, மெதுவாகத்தான் எழுந்திருக்கும். நீ சின்ன வயதிலிருந்தே எதற்கும் முன்கூட்டியே அழுது வைத்துக்கொள்கிறவள். தேவைப்படும்போது அழலாம்.

பாப்பாவுக்குப் பல் முளைத்ததா? முளைத்ததும் எழுது. எந்தப் பல் முதலில் என்று எனக்கும் கீழ் வீட்டுக்காரிக்கும் பந்தயம்.

இருவரும் பத்திரம்.

அக்கா


மார்ச் 1

அக்கா,

பாப்பாவுக்கு லேசான சளி, மற்றபடி குறைவில்லை. நீ நன்றாக இருக்கிறாய் என்று படித்ததே எனக்கு மருந்து.

பல்லைப் பற்றிப் போன கடிதத்திலேயே எழுதினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எழுதவில்லை போலிருக்கிறது. பார், ஒரு பக்கக் கடிதத்தில் எதை எழுதினேன், எதை மனதோடு விட்டேன் என்பதுகூடத் தெரியவில்லை. கீழ்ப் பல்தான். இப்போது பக்கத்திலேயே இன்னொன்றும் வந்துவிட்டது. பந்தயத்தில் ஜெயித்தது யார்?

பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். முதல் இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் சட்டைக் கைகள் வெட்டக் கொடுத்தார்கள். உனக்குத்தான் தெரியுமே, கை வரைகிற அட்டை ஒன்றேதான். அதை ஒரு முறை நேராகவும் ஒரு முறை புரட்டியும் வைத்து வரைய வேண்டும். அப்போதுதான் வலக்கையும் இடக்கையும் கிடைக்கும். வேலையில் சேர்ந்த வாரமே கற்றுக்கொள்கிற விஷயம். நான் புரட்டவே இல்லை. துணி அடுக்கு அடுக்காக வெட்டுப்பட்டு, மேஜை முழுக்க இடக்கைகள். தையல் பகுதிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. சூப்பர்வைசர் ஒரு கையைத் தூக்கிப் பிடித்து, "இதைப் போட்டுக்க ரெண்டும் இடது கையா இருக்கிற ஆளுங்களைத் தேடணுமே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

அது துணி. வேறு துணி வெட்டலாம்.

இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன். போன மாதமே நடந்தது, எழுதத் தைரியம் வரவில்லை. பாப்பாவைக் குளிக்கும் தொட்டியில் உட்கார வைத்திருந்தேன். தண்ணீர் கொஞ்சம்தான். துண்டு எடுக்கப் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே கட்டிலில் துவைத்த துணி கிடந்தது. எதற்கு வந்தேன் என்று தெரியவில்லை, துணி மடிக்க வந்தேன் போலிருக்கிறது என்று உட்கார்ந்து மடிக்க ஆரம்பித்துவிட்டேன். நிதானமாக, ஓரம் ஓரமாகப் பார்த்து மடித்தேன். என்னமோ தண்ணீர்ச் சத்தம் கேட்கிறதே, பக்கத்து வீட்டில் யாரோ குளிக்கிறார்கள் என்று நினைத்தேன். அக்கா, என் குழந்தை தண்ணீரைக் கையால் அடித்துக்கொண்டிருந்த சத்தம் அது.

ஓடினேன். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குச் சரியாகும்வரை அவளை நீ வைத்துக்கொள்வாயா? கேட்க எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் அவள் உன்னிடம் இருந்தால் பத்திரமாக இருப்பாள். நம் வீட்டில் எதையும் மறக்காத ஆள் நீதான். யார் எப்போது என்ன சொன்னார்கள் என்று வருஷக்கணக்காக மனதில் வைத்திருந்து சண்டைக்கு எடுப்பாயே.

பதில் சீக்கிரம் போடு.

குட்டி


மார்ச் 6

குட்டி,

உடம்பு, மனது இரண்டையும் கேட்டுக்கொள்கிறேன். இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை.

இதற்கா இத்தனை தயக்கம்? அனுப்பு என்றுகூடச் சொல்ல மாட்டேன், நானே வந்து தூக்கிக்கொண்டு வருகிறேன். ஏப்ரல் முதல் வாரம் வருவேன். பின்னறையைக் காலி செய்துவிட்டேன். கம்பி வைத்த சின்னக் கட்டில் ஒன்றும் வாங்கியாயிற்று. வகுப்புகளைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறேன். சாலையில் போகிறவர்களும் என்னை வாழ்த்துவார்கள்.

தொட்டி விஷயத்துக்காக உன்னை நீயே அடித்துக்கொள்ளாதே. நீ எழுந்து ஓடினாய் இல்லையா? அதை நினைத்துக்கொள்.

எனக்குக் குழந்தை வளர்த்த பழக்கம் இல்லை. அதனால் ஒத்திகை பார்க்கப் போகிறேன். கீழ் வீட்டுக்காரியின் சின்ன மகளை ஒரு நாள் முழுக்க என்னிடம் விடச் சொல்லியிருக்கிறேன். அவள் வாய் ஓயாத மூன்று வயதுக்காரி. அவளைச் சமாளித்தால் நம்முடையதைச் சமாளிக்கலாம். லைசென்ஸ் வாங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு டெஸ்ட் ஓட்டித்தான் ஆக வேண்டும்.

நீ எப்போது வேலைக்குத் திரும்புகிறாய்? லீவு எதுவரை இருக்கிறது? அதையும் எழுது.

பாப்பாவுக்கு என் முத்தம். பல் முளைக்காத ஈறில் ஒன்று.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டே திரிகிறேன். பாப்பாவின் சளி போய்விட்டது. உனக்கு அலைச்சல் வைக்கிறேன் என்ற குற்ற உணர்ச்சிதான் எனக்கு இப்போதைய வியாதி.

வேலைக்குத் திரும்பியதையும் நான் உனக்கு எழுதவில்லையா? இடக்கைகள் கதையைச் சொன்னதாக எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மனதுக்குள்ளேயே கடிதம் எழுதி, மனதுக்குள்ளேயே தபாலிலும் போட்டுவிடுகிறேன் போலிருக்கிறது. டாக்டரிடம் இதைச் சொன்னேன். "எழுதினதே மறந்துபோகுது, எங்க அக்கா திரும்பத் திரும்பக் கேக்க வேண்டியிருக்கு" என்றேன். குறித்துக்கொண்டார்.

பாப்பாவைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியதை எழுதிவிடுகிறேன். அவள் தூங்கும்போது நம் சுட்டுவிரலைப் பிடித்துக்கொள்வாள். பிடி தளர்ந்ததும் எடுத்துவிடாதே, அது நம்மைச் சோதிக்கும் தளர்ச்சி. கொஞ்சம் பொறு. உதடு கோணினால் பசி, காதை இழுத்தால் தூக்கம். கதவு சாத்தும் சத்தம் கேட்டால் யார் போகிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பாள். நான் அவளிடம் விடைபெற்றுப் போவது நல்லதா, தூங்கும்போது நழுவுவது நல்லதா என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நீயே முடிவு செய்.

அவளுடைய துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கிவிட்டேன். வீட்டில் அவள் இன்னும் இருக்கிறாள், துணி மட்டும் கிளம்பிவிட்டது. இன்றைக்கு அவளுக்குப் போட சட்டை இல்லாமல் பெட்டியைத் திறந்தேன். திரும்பப் பூட்ட மனமில்லை, திறந்தே கிடக்கிறது.

ஒத்திகை எப்படி நடந்தது? வரும் தேதியை மட்டும் எழுது. நிலையத்துக்கு வருகிறேன்.

குட்டி


ஏப்ரல் 3

அக்கா,

நலமா? நிஜமாகவே கேட்கிறேன்.

உன்னிடமிருந்து ஒன்றுமே வரவில்லை. வந்து, நான்தான் படித்துவிட்டு எங்கேயோ வைத்து மறந்துவிட்டேனோ என்று அலமாரி, பை, மெத்தைக்கு அடியெல்லாம் தேடினேன். பக்கத்து வீட்டுக்காரரிடம், "எனக்கு லெட்டர் ஏதாவது வந்துச்சா, நான் வாங்கினதைப் பாத்தீங்களா?" என்று கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

முதல் வாரம் வருவதாகத்தானே எழுதினாய்? அந்தக் கடிதத்தை எடுத்து மறுபடியும் பார்த்தேன். ஏப்ரல் என்றுதான் இருக்கிறது. தினமும் பாப்பாவுக்கு நல்ல சட்டை போட்டு வைக்கிறேன்.

ஒரு வரி போதும்.

குட்டி


ஏப்ரல் 10

குட்டி,

நலமே. பதில் தாமதமாகிவிட்டது.

நான் வர முடியாது. இங்கே வேலை அதிகம். நீ வேறு ஏற்பாடு பார்த்துக்கொள். பாப்பா உன்னிடமே இருப்பதுதான் நல்லது என்று தோன்றுகிறது. குழந்தை தாயோடு இருக்க வேண்டும்.

கவனமாக இரு.

அக்கா


ஏப்ரல் 18

அக்காவுக்கு,

நலம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டும். மனம் வரவில்லை.

குழந்தை தாயோடு இருக்க வேண்டும் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டுமா? தாய் எப்படிப்பட்டவள் என்று தெரிந்துதானே உன்னிடம் கேட்டேன்? தொட்டியை உன்னிடம் மட்டும்தான் சொன்னேன். அவரிடம் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம். ஒத்திகை பார்த்ததும் குழந்தை என்றால் எவ்வளவு வேலை என்று தெரிந்துபோயிருக்கும். அதை அப்படியே எழுதியிருந்தால் கோபித்திருக்க மாட்டேன்.

வேறு ஏற்பாடு பார் என்கிறாய். பார்த்துவிட்டேன். சூப்பர்வைசரிடம் போய், எனக்கு ஞாபகம் சரியில்லை, வெட்டுகிற வேலை வேண்டாம் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "இதைச் சொல்ல இத்தனை நாளா? என் தம்பிக்கும் காய்ச்சலுக்கு அப்புறம் இப்படித்தான். கடைக்குப் போனவன் எதுக்கு வந்தேன்னு கடைக்காரன்கிட்டயே கேட்டான்" என்றார். இப்போது அரை நாள் வேலை, பொத்தான் சரிபார்க்கிற மேஜையில். தொழிற்சாலைக்குப் பின்னால் குழந்தைகள் அறை இருக்கிறது, பாப்பா அங்கே இருக்கிறாள். அழுகிறாள். மற்ற குழந்தைகளும் அழுகின்றன. பழகுவாள்.

குளிப்பாட்டும்போது சோப்பு, துண்டு, மாற்றுத் துணி எல்லாவற்றையும் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டுதான் தண்ணீரையே திறக்கிறேன். எழுந்தால் அவளைத் தூக்கிக்கொண்டுதான் எழுவேன். ஈரக் குழந்தையோடு வீடெல்லாம் நடக்கிறேன். தரை முழுக்கத் தண்ணீர், கேட்க ஆளில்லை.

உனக்கு வேலை அதிகம். அதனால் பதில் எழுதிச் சிரமப்பட வேண்டாம்.


மே 20

குட்டி,

பாப்பா எப்படி இருக்கிறாள்? நீ எப்படி இருக்கிறாய்? நான் நன்றாக இல்லை. இதை எழுத இத்தனை நாள் ஆயிற்று.

ஒத்திகை நடந்தது. கீழ் வீட்டுச் சின்னவளைக் கையைப் பிடித்துக் கடைக்குக் கூட்டிப்போனேன். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். முட்டையும் சோப்பும் வாங்கினேன். வீட்டுக்கு வந்தேன். முட்டையை ஒவ்வொன்றாக ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். டீ போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, நன்றாக இருக்கிறதே என்றுகூட நினைத்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. அவளுடைய அம்மா நின்றாள்.

"எங்க அவ? தூங்கிட்டாளா?"

"யாரு?" என்றேன்.

குட்டி, நான் அதை எப்படிக் கேட்டேன் தெரியுமா? தபால்காரரிடம் கேட்பதுபோலக் கேட்டேன்.

அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. இருவரும் ஓடினோம். குழந்தை கடை மேஜை மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். "ஆன்ட்டி வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாளாம். கடைக்காரர், "ஏதோ மறந்துட்டுப் போயிருக்கீங்க, வந்துடுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். அவள் அம்மாவும் அங்கே சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் கதவைச் சாத்தினாள். அதற்குப் பிறகு என் வீட்டுப் படியில் அந்தக் குழந்தையின் காலடிச் சத்தமே இல்லை. அவள் மேல் தப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

உன் கடிதங்கள் அலமாரியில் இருக்கின்றன. அவற்றை எடுத்து வரிசையாகப் படித்தேன். பல் முளைத்ததை நீ முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய், ஸ்பூன் சத்தத்தோடு. இடக்கைகளையும் எழுதியிருக்கிறாய். நான் மறந்துவிட்டுக் கேட்டேன். நீ அதையும் உன் தலையில் போட்டுக்கொண்டாய். டாக்டரிடம்கூடப் போய்ச் சொல்லியிருக்கிறாய். அவரிடம் திரும்பப் போய் அந்தக் குறிப்பை அடித்துவிடச் சொல். அது என்னுடையது.

எனக்கு வந்தது லேசான காய்ச்சல் இல்லை. உன்னை விட்டு வந்த மறுநாளே படுத்தேன். எழுந்தபோது எந்தக் கிழமை என்று தெரியவில்லை. சொன்னால் உன்னிடமிருந்து தொற்றியது என்று நீ உன்னையே தின்றுவிடுவாய், அதனால் சொல்லவில்லை. போன் வேண்டாம் என்று நீ எழுதியபோது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? நானும் இந்தக் கடிதங்களை இரண்டு மூன்று முறை எழுதிப் பார்த்துத்தான் அனுப்பினேன். அந்த வேடிக்கையெல்லாம் உட்கார்ந்து யோசித்து எழுதியவை.

காரை விட்டுவிட்டேன். தினமும் போகிற ரவுண்டானாவில் வங்கி மேலாளர், "எந்தப் பக்கம் மேடம்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "உங்களுக்கு எது சரின்னு தோணுதோ அதுல போங்க" என்றேன், ஏதோ பாடம் நடத்துவதுபோல. அவரே ஓட்டி வந்து என்னை வீட்டில் விட்டார். இனி நான் கற்றுத்தர ஒன்றுமில்லை என்று அன்றே மற்றொரு ஸ்கூல்காரரிடம் மாணவிகளை ஒப்படைத்துவிட்டேன்.

பின்னறையில் கட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

அக்கா


ஜூன் 2

அக்கா,

உன் உடம்புக்கு என்ன, டாக்டரிடம் போனாயா, யார் சமைக்கிறார்கள், கதவை உள்பக்கம் பூட்டிக்கொள்கிறாயா? முதலில் இதற்கெல்லாம் பதில் வேண்டும்.

ஏப்ரலில் எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடு. நான் எழுதியது அப்படியே நினைவிருக்கிறது. மறக்க வேண்டியதை மறக்க இந்தத் தலைக்குத் தெரியவில்லை.

என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. நீ பயந்ததுபோலவே ஒரு நாள் முழுக்க என்னையே தின்றேன். மறுநாள் பாப்பாவுக்குப் பசித்தது, நிறுத்திவிட்டேன்.

டாக்டரிடம் போய் அடிக்கச் சொன்னேன். சிரித்துவிட்டு, "உங்க அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றார். "இந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நிறைய பேருக்கு இப்படி இருக்கு. மெல்ல மெல்லத் தேறுவாங்க. எத்தனை நாள்னு என்னைக் கேக்காதீங்க, தெரியாததைச் சொல்ல மாட்டேன். தனியா மட்டும் இருக்க வேண்டாம்" என்றார். கடைசி வாக்கியத்தை என்னைப் பார்த்துச் சொன்னாரா, உன்னைப் பற்றிச் சொன்னாரா தெரியவில்லை.

கப்பலில் இருக்கும் அவரிடமும் சொல்லிவிட்டேன். போனில் முதலில் பாப்பாவைப் பற்றிக் கேட்டார். பிறகு, "அதனாலதான் சீக்கிரம் சீக்கிரம் போனை வெச்சியா? நான் வேற என்னென்னமோ நினைச்சு இங்க சாப்பிடாம கிடந்தேன்" என்றார். பாவம், கடல் நடுவில் ஒருவர் எதையெல்லாம் நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறார்.

நீ இங்கே வந்து இரு. ஆனால் தனியாக ரயில் ஏறாதே. நான் வந்து உன்னை அழைத்துக்கொண்டு வருகிறேன். பாப்பாவும் வருவாள். இந்த வாரத்துக்குள் லீவு சொல்லிவிடுவேன்.

குட்டி


ஜூன் 9

குட்டி,

நான் நடமாடுகிறேன். டாக்டரிடம் போனேன். நானேதான் சமைக்கிறேன், அடுப்படியிலேயே நிற்கிறேன். பூட்டிக்கொள்கிறேன்.

வராதே. இரண்டு ரயில், நடுவில் அந்தப் பெரிய ஜங்ஷன். நல்ல நினைவோடு இருக்கிறவர்களே அங்கே தொலைந்துபோவார்கள். கைக்குழந்தையோடு நடுவழியில் உனக்குத் திசை தெரியாமல் போனால் யார் இருக்கிறார்கள்? எனக்கு ஒன்றும் ஆகாது. இப்படியே பழகிவிடும். வந்தால் திட்டுவேன்.

எந்த ரயில் என்று எழுது.

அக்கா


ஜூன் 21, ஜங்ஷனில்

அக்கா,

நானும் பாப்பாவும் சௌக்கியமாகப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறோம். இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப் போவதில்லை, என் கையோடு கொண்டுவருகிறேன். உன் வாசலில் நின்று பேச வரும்போது சொல் கிடைக்காமல் போனால் இதை நீட்டிவிடலாம்.

முதல் ரயிலில் சரியாக ஏறிச் சரியாக இறங்கினேன். இரண்டாவதைத்தான் விட்டேன். எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டுக்கொண்டேன், படியேறினேன், பாலத்தின் நடுவில் எண் போய்விட்டது. திரும்பப் போய்க் கேட்க வெட்கம். தெரிந்தவள்போல ஒரு படியில் இறங்கி நின்றேன். எதிர்ப் பிளாட்பாரத்தில் என் ரயில் என் கண் முன்னால் கிளம்பிப் போயிற்று. பாப்பா அதற்கு டாட்டா காட்டினாள்.

அங்கேயே நின்றேன். எத்தனையோ பேர் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் எல்லோருக்கும் தாங்கள் போகிற இடம் தெரிந்திருந்தது. திரும்பி வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. அதற்கும் ஒரு பிளாட்பார எண் தெரிய வேண்டுமே.

பெஞ்சில் ஒரு அம்மாள் மூட்டையோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் போய், "நீங்களும் அடுத்த ட்ரெயினுக்கா?" என்றேன். ஆமாம் என்றார். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றிருந்தது. ஆனாலும் சொன்னேன். "எனக்குக் காய்ச்சல் வந்ததுக்கு அப்புறம் ஞாபகம் சரியில்லைங்க. ட்ரெயின் வந்தா நான் ஏறினேனான்னு கொஞ்சம் பாத்துக்கறீங்களா?"

முன்பின் தெரியாத ஒருவரிடம் இதை இப்போதுதான் முதல் தடவையாகச் சொல்கிறேன், அக்கா. சூப்பர்வைசரிடம் சொன்னது வேலைக்காக, அவரிடம் சொன்னது அவர் என் புருஷன் என்பதால். இது சும்மா, வழியில் போகிற ஒருவரிடம், பகல் வெளிச்சத்தில்.

அவர் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார். "குழந்தையையும் சேர்த்துத்தானே பாத்துக்கணும்?" என்றார்.

"முக்கியமா அவளைத்தான்."

"சரி, உக்காரு. நீ என்னைப் பாத்துக்கோ. நான் தூங்கிடுவேன், போன தடவை இதே பெஞ்சுல ரெண்டு ட்ரெயினை விட்டேன்" என்று மூட்டையை நகர்த்தி இடம் கொடுத்தார்.

சொன்னதுபோலவே தூங்கிவிட்டார். நான் விழித்துக்கொண்டு எழுதுகிறேன். பாப்பா என் மடியில் இருக்கிறாள், இப்போதுதான் பார்த்தேன். இன்னொரு முறையும் பார்த்துக்கொள்கிறேன்.

இதை நீ படிப்பதற்குள் நானே வந்திருப்பேன், ஆனாலும் சொல்கிறேன், நீ நிலையத்துக்கு வராதே. வீட்டிலேயே இரு. இன்று வர இருட்டிவிடும், நான் வரமாட்டேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்ளாதே. நான் விட்டது ஒரு ரயிலைத்தான்.

அறிவிப்பு கேட்கிறது. அம்மாளை எழுப்ப வேண்டும். பேனாவை மூடுகிறேன், இரண்டு கையும் வேண்டும்.

குட்டி